பணம் கட்டியவரா, ஆள் சேர்த்தவரா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். திருச்சியிலிருந்து ஒரு நேயர் அனுப்பிய கேள்வி மூன்று நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. அவர் ஒரு சிறிய சுற்றுலா நிறுவனத்தில் விளம்பரப் பணியைக் கவனிக்கிறார். "எங்களோடு பயணம் செய்த ஏறத்தாழ 40,000 பேரின் விவரம் அட்டவணையாக இருக்கிறது. அதைக் கிராஃப் தரவுத்தளத்தில் ஏற்றி, யாருக்கு யார் பழக்கம் என்று கண்டுபிடித்து, அவர்கள் எல்லோருக்கும் விளம்பரம் அனுப்பலாமா? இதை எஸ்கியூஎல்லிலேயே செய்ய முடியாதா?" என்று கேட்கிறார். கிராஃப் தரவுத்தளம் என்பது ஆட்களைப் புள்ளிகளாகவும், அவர்களுக்கு இடையே உள்ள உறவுகளைக் கோடுகளாகவும் சேமித்து வைப்பது. எஸ்கியூஎல் என்பது வழக்கமான அட்டவணைத் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி.

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: முடியும். 40,000 வரிகள் ஒரு சுமையே அல்ல. ஆனால் "இவரோடு பயணித்தவரோடு பயணித்தவர் யார்" என்று கேட்கத் தொடங்கினால், அட்டவணையில் ஒவ்வொரு படிக்கும் ஜாயின், அதாவது வரிகளை ஒன்றோடொன்று பொருத்தி இணைக்கும் கட்டளை, எழுதிக்கொண்டே போக வேண்டும். மூன்றாம் படிக்கு வரும்போது வினவல், அதாவது தரவுத்தளத்திடம் நாம் எழுதிக் கேட்கும் கேள்வி, ஒரு பக்கத்தை நிரப்பிவிடும், நாம் கேட்க நினைத்தது அதற்குள் மறைந்துவிடும். நியோஃபோர்ஜே என்ற கிராஃப் தரவுத்தள மென்பொருளில் பயன்படும் சைஃபர் என்ற வினவல் மொழியில், வட்ட அடைப்புக்குள் ஆளையும் சதுர அடைப்புக்குள் உறவையும் எழுதி அம்புக்குறியால் இணைத்தால், கரும்பலகையில் நாம் வரையும் படமே வினவலாகிவிடுகிறது. இதே வழியில் அமைந்த ஜிக்யூஎல் மொழி 2024 ஏப்ரலில் ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் தரமாகவும் வெளிவந்துவிட்டதால், இதைக் கற்கும் உழைப்பு ஒரே நிறுவனத்தின் மென்பொருளோடு முடங்கிப் போகாது.

கருவியைப் பற்றி இவ்வளவு போதும். தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் அடுத்து எங்கே வருவேன் என்பது தெரியும். இரண்டு பேரை இணைக்கும் கோட்டுக்கு, அது என்ன உறவு என்று சொல்லும் பெயர் வேண்டும். கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றையும் ஒரே முறை கடந்து நடந்து வர முடியுமா என்ற பழைய புதிரைப் பற்றிப் பேசிய நாளிலும் இதைத்தான் சொன்னேன். அதற்கு விடை கண்ட கணித அறிஞர் ஆய்லர் அந்த நகரத்தின் தெருக்களையும் வீடுகளையும் விட்டுவிட்டு, நிலப்பகுதிகளைப் புள்ளிகளாகவும் பாலங்களைக் கோடுகளாகவும் மட்டும் எடுத்துக்கொண்டார். அங்கே பாலம் இருக்கிறதா இல்லையா என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. ஆற்றங்கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரியும். இரண்டு மனிதருக்கு இடையே உள்ள கோடு அப்படிப்பட்டதல்ல. அதை நாம்தான் போடுகிறோம். எந்தச் சான்றை வைத்துப் போட்டோம், எந்த நாளில் போட்டோம் என்பதை அந்தக் கோட்டின் மேலேயே எழுதி வைக்காவிட்டால், பிறகு எவ்வளவு அழகான வினவலை எழுதினாலும் பயனில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தென்மாவட்டத்தில் காசி யாத்திரை நடத்தும் ஒரு நிறுவனத்துக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் இந்த வேலையைச் செய்தேன். ரயிலில் ஒரு பிஎன்ஆரில் ஆறு பேருக்கு மேல் பதிவு செய்ய முடியாது என்பதால், பதினான்கு பேர் கொண்ட ஒரே குழு அட்டவணையில் மூன்று தனித்தனிப் பதிவுகளாகக் கிடந்தது. அவர்களை ஒன்றுசேர்க்க, ஒரே கைபேசி எண் உள்ள பதிவுகளுக்கு இடையே "பழக்கம்" என்று ஒரு கோடு போட்டேன். பிறகு, அதிகமான பேரோடு இணைந்திருப்பவர் யார் என்று வினவினேன். ஒருவர் மற்ற எல்லோரையும்விட வெகு உயரத்தில் வந்து நின்றார். நிறுவன உரிமையாளர் மகிழ்ச்சியோடு அவரைத் தொலைபேசியில் அழைத்தபோதுதான், அது பேருந்து நிலையத்துக்கு அருகில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் ஒரு பிரவுசிங் சென்டரின் எண் என்பது தெரிந்தது. அவர் யாரோடும் காசிக்குப் போனதில்லை. தரவுத்தளம் பொய் சொல்லவில்லை. "ஒரே எண்ணைக் கொடுத்தவர்கள்" என்று நான் எழுதியிருக்க வேண்டிய இடத்தில் "பழக்கம்" என்று எழுதியதுதான் பிழை.

அந்த எண்ணை நீக்கிவிட்டுக் கோடுகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்தேன்: பணம் கட்டினார், உடன் பயணித்தார், ஒரே ஊரில் ஏறினார். அதன் பிறகு நான் கேட்ட வினவல் மிக எளியது. மூன்று யாத்திரைகளுக்கு மேல் வந்தவர்களில், ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்களோடு வந்தவர் யார்? ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் பெயர் முதலில் வந்தது. அவர் ஒருமுறைகூடப் பணம் கட்டியவராகப் பதிவாகவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மருமகன்தான் ஒவ்வொரு முறையும் கட்டியிருக்கிறார். எனவே அத்தனை ஆண்டுகளும் நிறுவனத்தின் அழைப்புகள் அந்த மருமகனுக்கே போய்க்கொண்டிருந்தன. தெருவில் உள்ளவர்களையும், உடன் பணிபுரிந்தவர்களையும், கோயில் பஜனைக் குழுவையும் கூட்டிக்கொண்டு வந்த அம்மையாருக்கு ஒரு வாழ்த்து அட்டைகூடப் போகவில்லை. பணம் கட்டியவர் வேறு, ஆள் சேர்த்தவர் வேறு என்று இந்தத் தொடரில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேனோ, அத்தனை முறையும் என் மனத்தில் நிற்பவர் அவர்தான்.

கோடு இருப்பதை மட்டுமல்ல, இல்லாததையும் வினவலாம் என்பதைத் திருச்சி நேயருக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காசி யாத்திரை மரபில் ராமேஸ்வரத்து மணலை எடுத்துச் சென்று பிரயாகையின் திரிவேணி சங்கமத்தில் சேர்ப்பார்கள். கங்கை நீரோடு திரும்பி வந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை நிறைவு பெறும். அப்படியானால், காசிக்குப் போனவர் என்ற கோடு இருந்து, அதற்குப் பிந்திய தேதியில் ராமேஸ்வரத்துக்கு வந்த கோடு இல்லாதவர்கள் யார்? கோட்டின் மேல் தேதி இருந்தால் இதை இரண்டு மூன்று வரிகளில் கேட்டுவிடலாம். அந்த மனிதருக்கு நாம் அனுப்பும் செய்தி, அவரே நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை நினைவூட்டுவதாக இருக்கும். தள்ளுபடி என்ற சொல்கூட அதில் தேவைப்படாது.

இனி, எல்லோருக்கும் அனுப்பலாமா என்ற கேள்வி. அனுப்பாதீர்கள். ஒருவருக்கு இருபது பேர் பழக்கம் என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் படியில் 400, மூன்றாம் படியில் 8,000 என்று விரிந்து, பட்டியலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வந்துவிடும். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் உண்மைக் கணக்கு இதைவிடக் குறையும் என்றாலும், மூன்றாம் படியில் கிடைப்பவரை "இவருக்குப் பழக்கமானவர்" என்று சொல்வதில் பொருள் இருக்காது. இரண்டு படியோடு நிறுத்துங்கள்.

அதைவிட முக்கியமாக, நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்று நான் விரும்பிய கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பட்டியலில் உள்ளவர்களில் யார் தம் எண்ணைத் தாமே உங்களிடம் கொடுத்தார்கள்? குழுவில் ஒருவராக வந்த பாட்டியின் பெயரையும் வயதையும் வேறொருவர், பயணச்சீட்டுக்காக மட்டும், எழுதிக் கொடுத்திருப்பார். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காக ஒப்புதல் பெறப்பட்டதோ அந்த நோக்கத்துக்கே தரவைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், "உங்கள் தோழி சென்ற மாதம் கயாவுக்குப் போய் வந்தார், நீங்களும் வாருங்கள்" என்று முன்பின் தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தால் அந்தத் தோழிக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் தம் பெற்றோருக்குத் திதி கொடுக்கப் போயிருக்கலாம். அதை யாரிடமும் சொல்லாமலும் இருக்கலாம். உங்கள் பட்டியலிலும் அந்த ஆசிரியையைப் போல ஒருவர் இருப்பார்; அவரது ஒப்புதலைக் கேட்டு அவரிடம் மட்டும் பேசினால் போதும். யாரை அழைப்பது, யாரை இந்த ஆண்டு அழைக்கக் கூடாது என்பதெல்லாம் உங்கள் தரவுத்தளத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

எனவே, திருச்சி நண்பரே, இந்த வாரம் ஒரே ஒரு வேலையைச் செய்யுங்கள். எந்த மென்பொருளையும் நிறுவுவதற்கு முன்பே, உங்கள் அட்டவணையில் எந்தக் கைபேசி எண் எத்தனை பதிவுகளில் வருகிறது என்று எண்ணி, முதல் ஐம்பது எண்களுக்கும் நீங்களே அழைத்துப் பேசிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் முகவர்கள், எத்தனை பேர் ஆள் சேர்த்தவர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அடுத்த முறை முதல் வினவலை நாம் சேர்ந்து எழுதலாம்.