சான் ஹுவானில் இரவு பதினொன்றுக்குப் பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

கரீபியக் கடலில் ஓடும் பயணிகள் கப்பலில் வேலை பார்த்தவன் நான். தன்பால் ஈர்ப்புள்ள ஆண். இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் நிலையத்தார் என்னை இன்று அழைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் கேட்டது இதுதான்: அந்தப் பக்கம் சுற்றிப்பார்க்கவோ வேலைக்கோ போகும் கே ஆண்கள், லெஸ்பியன் பெண்கள், திருநர்கள், இரவில் வெளியே போய் ஆடிப் பாடிவிட்டுப் பத்திரமாகத் திரும்ப முடியுமா?

கரீபியன் என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது. ஒரே வாரத்தில் ஒரே கப்பல் ஐந்தாறு தீவுகளில் நிற்கும். ஒவ்வொரு தீவிலும் சட்டம் வேறு. ஆண்டிகுவா, செயின்ட் கிட்ஸ், பார்படோஸ் மூன்றிலும் தன்பால் உறவைக் குற்றமாக்கிய சட்டங்களை 2022இல் நீதிமன்றங்கள் செல்லாதவை என்றன. டொமினிக்காவில் 2024இல், செயின்ட் லூசியாவில் 2025இல் அதே தீர்ப்பு வந்தது. செயின்ட் வின்சென்ட்டிலோ 2024இல் நீதிமன்றம் பழைய சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டது. ஜமைக்காவிலும் கிரெனடாவிலும் அது இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் வேர் பிரிட்டிஷ்காரன் எழுதி வைத்துவிட்டுப் போனது. நம் ஊரில் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு என்று 2018 வரை நம்மைத் துரத்தியதும், இலங்கையில் 365, 365ஏ என்று இன்றும் நிற்பதும் அதன் உடன்பிறப்புகள்தான். அதனால் நேற்று ஒரு துறைமுகத்தில் கைகோத்து நடந்தோமே என்று இன்று அடுத்த துறைமுகத்திலும் நடக்கக் கூடாது. இறங்கும் முன் அந்தத் தீவின் நிலவரத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் பேசப்போவது ஓர் ஊரைப் பற்றி மட்டும். சான் ஹுவான், புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகர். கரீபியத்தில் கே வாழ்க்கை இவ்வளவு வெளிப்படையாக இருக்கும் நகரங்கள் குறைவு. அது அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. மாநிலம் கிடையாது, ஆனால் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அங்கே செல்லும். 2003இல் தன்பால் உறவு குற்றமில்லை என்றானது, 2015இல் திருமணமும் வந்தது. 2022 அக்டோபரில் ஒரு முன்னாள் மிஸ் அர்ஜென்டினாவும் ஒரு முன்னாள் மிஸ் புவேர்ட்டோ ரிக்கோவும் அங்கேதான் ஒருவரையொருவர் மணந்துகொண்டார்கள். அழகிப் போட்டி என்றால் உயிரை விடும் ஊர் அது. அந்தச் செய்தியை எத்தனை வீடுகளில் வாய்பிளந்து பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, இரவுக்கு வருவோம். கப்பல்கள் பழைய சான் ஹுவானில், கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் நிற்கும். அந்த நீலக் கல் பதித்த தெருக்கள் அழகுதான். ஆனால் நம் கூட்டம் கூடுவது அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, சான்துர்சே என்ற பகுதியில். அங்கே இடம் சொல்ல இன்னமும் "பராடா 22" என்பார்கள். பராடா என்றால் நிறுத்தம். 1946இல் நின்றுபோன டிராம் வண்டியின் இருபத்திரண்டாவது நிறுத்தம்! வண்டி போய் இத்தனை காலமாகியும் நம்பர் மட்டும் நிற்கிறது. அந்த வட்டாரத்தில்தான் தியா மரியா போன்ற பழைய பார்கள். கே பார் என்று பெயர்ப்பலகை எதுவும் இருக்காது, சாராயக் கடை என்றே பெயர். உள்ளே பில்லியர்ட்ஸ் மேசை, வயதானவர்கள், வேலை முடிந்து வந்தவர்கள். ஆட்டம் வேண்டுமென்றால் நடன கிளப்புகள் வேறு இருக்கின்றன. இவை மூடுவதும் திறப்பதும் பெயர் மாறுவதும் சகஜம். போகிற அன்றே இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டுப் போங்கள்.

கொஞ்ச தூரத்தில் லா பிளாசிட்டா. 1910இல் கட்டிய காய்கறிச் சந்தை. பகலில் வாழைக்காய், சேம்பு, வள்ளிக்கிழங்கு என்று நம் ஊர்ச் சந்தை மாதிரியே இருக்கும். வியாழன் முதல் வாரக்கடைசி வரை இரவில் அதைச் சுற்றியுள்ள தெருக்கள் முழுக்க சால்சா, மெடாயா பீர், ரம்மோடு சோம்புச் சாராயம் கலந்த சிச்சைத்தோ. அது கே இடம் என்றில்லை, எல்லோரும் வரும் இடம். இரண்டு பெண்கள் சேர்ந்து ஆடினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு ஆண்கள் ஆடினால் சிலர் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியென்றால் பயமில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பயம் யாருக்கு, எதனால் என்பதில்தான் பலர் குழம்பிப்போகிறார்கள். வெறுப்பினால் வரும் வன்முறை அங்கே பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள் மேல்தான் விழுகிறது. 2019 ஜனவரியில் கெவின் ஃப்ரெட் என்ற வெளிப்படையான கே ராப் பாடகர் சான்துர்சேயிலேயே விடிகாலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 2020 பிப்ரவரியில் அலெக்சா என்ற வீடற்ற திருநங்கை பெண்கள் கழிப்பறைக்குப் போனார் என்று போலீசைக் கூப்பிட்டார்கள். அவருடைய படத்தை இணையத்தில் பரப்பினார்கள். சில மணி நேரத்தில் அவரைக் கொன்றுவிட்டார்கள். செய்திகளில் அவரைப் "பாவாடை கட்டிய ஆண்" என்று எழுதினார்கள். அந்த மாதமே அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பாடகர் பேட் பன்னி பாவாடையோடு வந்து நின்றார். "அலெக்சாவைக் கொன்றார்கள், பாவாடை கட்டிய ஆணை அல்ல" என்று சட்டையில் எழுதியிருந்தது. அந்த ஆண்டு இன்னும் சில திருநர்கள் கொல்லப்பட்டார்கள். 2021 ஜனவரியில் ஆளுநர், பாலின வன்முறைக்காக அவசர நிலையே அறிவித்தார். சட்டப் புத்தகம் கூட ஒரே திசையில் போகவில்லை: 2025இல் 21 வயதுக்கு உட்பட்ட திருநர்களுக்குப் பாலின மாற்றச் சிகிச்சை தருவதைத் தண்டனைக்குரியதாக்கி ஒரு சட்டம் வந்தது.

எனவே நம் நேயர்களில் திருநங்கை ஒருவர் அங்கே போகிறார் என்றால், கே ஆணுக்குச் சொல்வதையே அவருக்கும் சொல்லி அனுப்பக் கூடாது. அவர் தனியாக நள்ளிரவில் தெருவில் நிற்கவே வேண்டாம், வண்டி வாசலுக்கு வரட்டும். உள்ளூர்த் தோழிகள் இருக்கும் இடத்துக்குப் போவதுதான் நல்லது.

வெளியூர் ஆணுக்கு வரும் ஆபத்து வேறு ரகம். திருட்டு, போதை, கடல், அப்புறம் அவனுடைய சொந்த மயக்கம். தீவின் மக்கள்தொகை சுமார் 32 லட்சம்; ஆண்டுக்குச் சுமார் ஐந்நூறு கொலைகள் நடக்கின்றன. பெரும்பாலானவை போதைப்பொருள் கும்பல்களின் எல்லைச் சண்டை. சுற்றுலாக்காரனைத் தேடி வருவதில்லை, ஆனால் நடுவில் போய் நிற்பவனை விட்டுவைக்காது. கோட்டைச் சுவருக்குக் கீழே கடலோரமாக லா பெர்லா என்ற குடியிருப்பு இருக்கிறது, வண்ண வண்ண வீடுகள். பகலில் உள்ளூர்க்காரரோடு போங்கள், செல்போனைத் தூக்கிப் படமெடுக்காதீர்கள், இரவில் வேண்டாம். சான்துர்சேயில் உள்ள லொயிசா தெருவில் குடித்துவிட்டு, குறுக்கு வழி என்று கூகுள் காட்டும் குடியிருப்புகளுக்குள் நுழைய வேண்டாம்.

அந்த ஊரில் நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை சிவப்பு விளக்கில் வண்டி நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று சட்டமே இருக்கிறது. நிற்கும் காரைத் துப்பாக்கி காட்டிப் பறிப்பார்கள் என்பதற்காக வந்த ஏற்பாடு. பார் வாசலிலிருந்து தள்ளாடியபடி நடக்கலாம் என்ற விளக்கு எரிகிறதே என்று சாலையைக் கடப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

என் கணக்கில், பாருக்குள் இருக்கும் நான்கு மணி நேரத்தைவிடப் பார் வாசலுக்கும் படுக்கைக்கும் நடுவில் இருக்கும் இருபது நிமிடம்தான் கெட்டது. ஆகவே கிளம்பும்போதே திரும்பி வரும் வழியை முடிவு செய்துவிடுங்கள். அங்கே ஊபர் ஓடுகிறது. உள்ளே நின்றே அழையுங்கள், வண்டி எண்ணைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். அந்த நாளுக்கு வேண்டிய பணம், ஒரே ஒரு கார்டு, அது போதும். பாஸ்போர்ட் அறைப் பெட்டியில் இருக்கட்டும், அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கத்தியோ துப்பாக்கியோ காட்டினால் செல்போனைக் கொடுத்துவிடுங்கள். வீரம் காட்டும் இடம் அது இல்லை.

டேட்டிங் ஆப்பைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், நம் பையன்கள் பாரைவிட அதைத்தான் நம்புகிறார்கள். முதலில் வீடியோவில் ஒரு நிமிடம் பேசுங்கள். மறுப்பவரை விட்டுவிடுங்கள், விளக்கம் கேட்க வேண்டாம். சந்திப்பு பாரிலோ காபிக் கடையிலோ இருக்கட்டும். அறைக்கு அழைத்து வருவதானால் வரவேற்பாளர் இருக்கும் ஓட்டலாகப் பாருங்கள். வந்தவர் ஒருவரின் கண்ணில் படுவார், அதுவே பாதிக் காவல். ஆப்பில் எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று காட்டுவதை அணைத்துவிடுங்கள். கூட வந்த நண்பருக்கு லொக்கேஷனை அனுப்புங்கள். கூட வந்தவர்களிடம் இன்னும் சொல்லவில்லையா? நம்மில் பாதிப் பேர் அப்படித்தான். ஊரில் உள்ள, விஷயம் தெரிந்த ஒரு தோழிக்காவது அனுப்பிவிடுங்கள். அங்கே நள்ளிரவு என்றால் சென்னையில் காலை ஒன்பதரை, அவர் விழித்துத்தான் இருப்பார்.

கிளாஸை மேசையில் வைத்துவிட்டு ஆடப் போனால், திரும்பி வந்து அதைக் குடிக்காதீர்கள், புதிதாக வாங்குங்கள். பாப்பர்ஸ் என்ற போதைத் திரவத்தை முகர்பவர்கள் வயாகரா வகை மாத்திரையோடு அதைச் சேர்த்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும், உயிரே போகலாம். ஆணுறை இல்லாமல் ஏதாவது நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றே, எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் நேரம் போய்விடும்.

கடல். கொண்டாடோ கடற்கரையில் கே ஆண்கள் நிறையப் பேர் குளிக்கும் பகுதி உண்டு. பகலிலேயே அங்கே உள்ளிழுக்கும் நீரோட்டம் கடுமை. பார் மூடிய பிறகு கடலில் இறங்கலாம் என்று யாராவது அழைத்தால், அவர் எவ்வளவு அழகாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

அப்புறம் விசா. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு அங்கே அமெரிக்க விசாதான். தீவில் மருத்துவக் கஞ்சா விற்கும் கடைகளின் பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் அது இன்னும் குற்றம். பிடிபட்டால் அமெரிக்கப் பயணமே முடிந்துபோகும். குடித்துவிட்டு வாடகைக் கார் ஓட்டி மாட்டினாலும் விசாவை ரத்து செய்வார்கள். கப்பல் ஊழியருக்கு வேலையே போய்விடும். இதை மட்டும் எங்கள் கப்பலில் புதிதாக வந்த தம்பிகளிடம் உட்காரவைத்துச் சொல்வேன். "அண்ணா, நீங்க ரொம்பப் பயமுறுத்துறீங்க" என்பார்கள். பரவாயில்லை.

டிராக் ஷோ, அதாவது பெரும்பாலும் ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடிப் பாடும் நிகழ்ச்சி, பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினொன்று என்று போட்டிருந்தால் பன்னிரண்டரைக்குத்தான் தொடங்கும், எனவே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மேடையைப் படமெடுக்கலாம். பக்கத்து மேசையில் இருப்பவரின் முகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவர் வீட்டிலும் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஒரு டாலர் நோட்டுகளாகக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஆடுபவர் உங்கள் பக்கம் வரும்போது கையில் கொடுப்பதுதான் அங்கே வழக்கம்; நூறு டாலர் நோட்டைக் காட்டிச் சில்லறை கேட்டால் மைக்கிலேயே உங்களைக் கிண்டல் செய்துவிடுவார்.