பொழிமுகச் சேறு

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில், கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவே கிடக்கும் காயலின் சேற்றையும் அதில் தங்கும் உலோகங்களையும் பற்றிப் பேசப்போகிறேன். தண்ணீரைப் பற்றி அல்ல.

தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சோதித்தால் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் பெரும்பாலும் கொஞ்சமாகத்தான் தெரியும். பழையாறு நாகர்கோவில் சாக்கடையையும் சேர்த்துக்கொண்டுதான் இங்கே வருகிறது. அதில் வரும் உலோகம் நுண்ணிய களிமண்ணில் ஒட்டிக்கொள்கிறது. பொழிமுகத்தில், அதாவது ஆறு கடலில் சேரும் இடத்தில், உப்புநீர் பட்டதும், பால் திரிகிற மாதிரி, களிமண் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும். தண்ணீர் கடலுக்குப் போய்விடும்; சரக்கு இங்கேயே கிடக்கும்.

கயிறு திரிக்கக் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, ஊறப்போட்ட இடத்தில் காலை வைத்தால் கருஞ்சேறும் அழுகிய முட்டை நாற்றமும் வருமே, அது ஹைட்ரஜன் சல்பைடு. அந்தச் சல்பைடுதான் ஈயம், காட்மியம், துத்தநாகத்தைக் கரையாத பொருளாக மாற்றிப் பிடித்து வைக்கிறது. சேற்றைக் கிளறிக் காற்றுப் பட்டால் பிடி விட்டுப்போகும். இதைச் சொன்னதும் கதம்பை ஊறுவது நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆக்சிஜன் இல்லாத சேற்றில், மட்டி என்கிற சிப்பி செத்துப்போகும்.

சரி, சேற்றின் உலோகம் உயிர்களுக்குள் போகிறதா என்று யாரைச் சாட்சி கேட்பது? மட்டியையும் சேற்றுப் புழுவையும்தான். மட்டி ஓடிப்போகாது, நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டித் தின்னும். சிப்பியை வைத்துக் கடலோரத்தைக் கண்காணிக்கலாம் என்று கோல்ட்பர்க் என்ற அறிவியலாளர் 1975லேயே சொன்னார். இங்கிலாந்தின் கார்ன்வாலில், பழைய சுரங்கக் கழிவு இறங்கிய ஒரு கழிமுகத்தில், புழுக்கள் செம்பைத் தாங்கப் பழகியிருந்ததை 1971ல் எழுதினார்கள். புழு பிழைத்துக்கொண்டது. செம்பைச் சுமக்கும் அந்தப் புழுவைத் தின்கிற மீனுக்கு?

ஆனால் நண்டில் செம்பு இருக்கிறது என்றதும் விஷம் என்று கிளம்பிவிடக் கூடாது. நண்டின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான். மணவாளக்குறிச்சிப் பக்கம் கருமணலில் இரும்பும் டைட்டானியமும் இயற்கையாகவே உண்டு. எது மண்ணின் சொந்தச் சரக்கு, எது பின்னால் வந்தது என்று பிரித்த பிறகுதான் பேச வேண்டும்.

அடுத்த முறை பொழியை ஆழப்படுத்த எந்திரம் வந்தால், எத்தனை அடி தோண்டுவீர்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். தோண்டுவதற்கு முன் சேற்றைச் சோதித்தீர்களா, அதை எங்கே கொட்டப்போகிறீர்கள் என்றும் கேளுங்கள். மட்டி எடுக்கிற இடத்தைக் கையோடு காட்டியும் கொடுங்கள்.