நம் கொட்டியாரக் குடாவுக்கு வரும் தண்ணீர் எந்த ஹோலை, அதாவது எந்தப் பல்கலைக்கழக விடுதியைக் கடந்து வருகிறது தெரியுமா?

வணக்கம் மக்களே! எனக்குப் பின்னால் தெரிவது கொட்டியாரக் குடா. மழைக்காலத்தில் மகாவலி ஆறு இறக்கும் செம்மண் தண்ணீர், கடலின் நீலத்துக்குள் கோடு போட்டதுபோல நிற்கும். திருகோணமலைக்காரருக்கு இது பழகிய காட்சி. ஆனால் அதே தண்ணீர் வரும் வழியில் ஒரு பல்கலைக்கழகத்தின் நடுவால் ஓடி வருகிறது. ஆம், கண்டிப் பக்கத்துப் பேராதனைதான். இன்றைக்கு அங்குள்ள விடுதிகளின் கதை.

பின்னணியைக் கடகடவென்று சொல்லிவிடுகிறேன். 1906இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் பல்கலைக்கழகம் கேட்டுக் குரல் கொடுத்தார்கள். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம், 1952இல் பேராதனைக்குக் குடிபெயர்வு.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜில் படித்தவர். அங்கே மிகப் பழைய கல்லூரி பீட்டர்ஹவுஸ், 1284இல் தொடங்கியது. மாணவரைச் சேர்ப்பது, தங்கவைப்பது, சோறு போடுவது, பாடத்தைக் கவனிப்பது எல்லாமே கல்லூரிதான். பேராதனையில் அப்படியே எடுக்கவில்லை. கற்பிப்பது பீடம், வாழ்வது ஹோல். ஹோலுக்கு ஒரு வார்டன், ஒரு சாப்பாட்டு மண்டபம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. வேறு வேறு பாடம் படிக்கிற திருகோணமலைப் பிள்ளையும் மாத்தறைப் பிள்ளையும் ஒரே மேசையில் சாப்பிட வேண்டிவருகிறதே!

பெயர்களைப் பாருங்கள். அருணாசலம் ஹோல், இராமநாதன் ஹோல்: உடன்பிறந்த இருவர். அப்புறம் அக்பர் ஹோல். பல்கலைக்கழகம் கொழும்பிலா கண்டிப் பக்கமா என்ற நீண்ட சண்டையில் கண்டிக்காக வாதாடிய நீதிபதி எம். ரி. அக்பரின் பெயர் அது. ஆற்றுக்கு அந்தப்புறம் பொறியியல் பீடத்தோடு இருக்கிறது. அங்கே போக மகாவலிக்கு மேலே ஒரு நடைபாலம், அதற்கும் அக்பர் பாலம் என்றே பெயர். விரிவுரைக்கு நடந்துபோகிற பிள்ளையின் காலுக்குக் கீழே ஓடுகிற தண்ணீர்தான் கடைசியில் மூதூர்ப் பக்கம் வந்து சேர்கிறது. இதை முதலில் யோசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது!

இன்னொன்று. 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணியின் கணவரான எடின்பரோ கோமகன் பல்கலைக்கழகத்தைத் திறந்துவைக்க வந்தார். மாணவர்கள் வந்து ஏற்கெனவே ஒன்றரை வருடம். அதனால் பல்கலைக்கழகம் 'வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திறந்திருக்கிறது' என்று அறிவித்தார்; அந்தச் சொற்களைக் கல்லிலும் பொறித்துவிட்டார்கள்.

நம் ஊரிலிருந்து பேராதனை போனவர்களே, எந்த ஹோலில் இருந்தீர்கள்? கமெண்டில் எழுதுங்கள். ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரிந்ததா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.