வேதாரண்யத்து சர்வருக்குத் தஞ்சாவூரிலிருந்து அப்டேட்

நேயர்களுக்கு வணக்கம்.

டெல்டா மாவட்டங்களில் ஓர் அரிசி ஆலையிலோ உரக்கடையிலோ நர்சிங் ஹோமிலோ பின்பக்க அறையை எட்டிப் பார்த்தால், மூலையில் ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். பில், எடைச்சீட்டு, இருப்புக் கணக்கு எல்லாம் அதில்தான். யாரோ ஒருவர் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு வேலை கிடைத்து வெளிநாடு போயிருப்பார். ஓடுகிற இயந்திரத்தை ஏன் நோண்ட வேண்டும் என்று அப்புறம் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இப்போது அதை அப்டேட் செய்யும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வையுங்கள். இயந்திரம் வேதாரண்யத்தில், நீங்கள் தஞ்சாவூரில்.

உபுண்டு 18.04 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்தது, 20.04-க்கு 2025 மே. சென்ட் ஓஎஸ் 7 என்ற இன்னொரு லினக்ஸ் என்றால் 2024 ஜூன் 30. உங்கள் சர்வர் இவற்றில் ஒன்றாக இருந்தால் வேலையைத் தள்ளிப்போட முடியாது. ஆனால் நாளைக்கே செய்ய வேண்டும் என்றும் இல்லை. கொள்முதல் நடக்கும் நாட்களில் ஆலை சர்வரைத் தொடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று பேப்பரில் வந்திருக்கும் நாளிலும் வேண்டாம். சம்பா கொள்முதல் முடிந்து மேட்டூர் திறப்பதற்கு முன் கிடைக்கும் இடைவெளிதான் தோது, அதிலும் காலை நேரம். கோடையில் இடி மின்னல் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும்.

முதலில் பார்க்க வேண்டியது உள்ளே போக இரண்டாவது வழி இருக்கிறதா என்பது. தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்எச் வழி ஒன்றை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர் என்றால், கம்பெனியின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் கன்சோல், அதாவது சர்வரின் திரையை நேராகக் காட்டும் வசதி, இருக்கும். அதில் ஒருமுறை உண்மையிலேயே லாகின் செய்து பாருங்கள். ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கின் பாஸ்வேர்ட் தெரியாது என்பது அப்போதுதான் தெரியவரும். ஆலையில் இருக்கும் இயந்திரம் என்றால், அதே அலுவலகத்தில் உள்ள வேறொரு கம்ப்யூட்டரில் தொலைவிலிருந்து திரையைக் காட்டும் எனிடெஸ்க் மென்பொருளைப் போட்டு, அங்கிருந்து உள் நெட்வொர்க் முகவரி வழியாக சர்வருக்குள் போக முடிகிறதா பாருங்கள். மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும். கணக்கர் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லி, சர்வரில் மானிட்டரும் கீபோர்டும் மாட்டி வைக்கச் சொல்லுங்கள். "அண்ணே, திரையில என்ன இருக்கோ அத அப்படியே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்றால் போதும். வரிகளைப் படித்துக் காட்டச் சொன்னால் இரண்டு பேருக்கும் பொறுமை போய்விடும்.

அடுத்தது பேக்கப். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 40 ஜிபி தரவை விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் மேலே ஏற்றினால் ஒன்பது மணி நேரம் ஆகும். அதனால் முழு நகலை அங்கேயே ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் எடுக்கச் சொல்லுங்கள். தரவுத்தளத்தை அப்படியே நகலெடுத்த டம்ப் கோப்பையும், அமைப்புக் கோப்புகள் இருக்கும் 'ஈடிசி' அடைவையும் மட்டும் சுருக்கி உங்கள் ஊருக்குக் கொண்டுவாருங்கள். சர்வரும் நகலும் ஒரே கட்டடத்தில் இருந்தால் அதை பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியபோது வேதாரண்யம் பக்கத்து ஓட்டுக் கட்டடங்கள் என்ன ஆயின என்று நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டம்பை உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்து, நேற்றைய கடைசி பில் எண் அதில் வருகிறதா என்று ஆலையில் கேட்டு ஒத்துப்பாருங்கள். கோப்பு இருக்கிறது, அளவும் சரியாக இருக்கிறது என்பது மட்டும் போதாது.

இப்போது இந்த உரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பேக்கப் கையில் வந்ததும் அப்டேட்டைத் தொடங்காதீர்கள். எதையும் மாற்றாமல் ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். பல மாதம் நிற்காமல் ஓடிய சர்வர் மறுபடி எழுந்திருக்குமா என்பதே நிச்சயமில்லை. அப்டேட் முடித்துவிட்டு ரீபூட் செய்து அது எழவில்லை என்றால், புது கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) காரணமா, மூன்று வருடத்துக்கு முன் யாரோ செய்த மாற்றம் காரணமா என்று கண்டுபிடிக்க முடியாது.

எழாமல் போவதற்குச் சில வழக்கமான காரணங்கள் உண்டு. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். மின்சாரம் ஒருமுறை அறுந்து வந்தால் இயந்திரத்தைத் தொடங்கிவைக்கும் பயாஸின் அமைப்பெல்லாம் அழிந்து, 'எஃப் 1 அழுத்தவும்' என்று திரையில் கேட்டுக்கொண்டு நிற்கும். கீபோர்டே மாட்டாத இயந்திரத்தில் யார் அழுத்துவது? அதே பேட்டரியால் தேதியும் பல வருடம் பின்னுக்குப் போய்விடும். அப்போது அப்டேட் தளத்தின் சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று பிழை வரும். தேதியைச் சரிசெய்தால் அது போய்விடும். இன்னொன்று, எந்தெந்த டிஸ்குகளை இணைக்க வேண்டும் என்று பட்டியலிடும் 'எஃப்எஸ்டேப்' கோப்பு. என்றோ கழற்றி எடுத்துப்போன யூஎஸ்பி டிஸ்க் ஒன்றின் வரி அதில் மிச்சம் இருந்தால், இயந்திரம் பூட் ஆகும்போது 90 விநாடி அதைத் தேடிவிட்டு, எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். அந்த வரியில் 'நோஃபெயில்' என்று சேர்த்துவிட்டால் டிஸ்க் இல்லாவிட்டாலும் மேலே போகும்.

ரீபூட் என்றால் ரீபூட்தான். பவரை அணைத்துப் போடாதீர்கள். தவிட்டுத் தூசி அடைத்த ஃபேன், பழைய பவர் சப்ளை, கடலோர உப்புக் காற்று என்று இருக்கும் இடத்தில், முழுக்க ஆறிய இயந்திரம் திரும்ப ஓடாமல் போவது உண்டு. கணக்கர் அண்ணன் பக்கத்தில் இருக்கும்போதே பயாஸில் 'மின்சாரம் வந்ததும் தானே ஆன் ஆகு' என்ற அமைப்பையும் போடச் சொல்லிவிடுங்கள்.

இயந்திரம் எழுந்துவிட்டது. இனி வட்டு இடம். மிச்ச இடத்தைக் காட்டும் 'டிஎஃப் ஹைஃபன் எச்' கட்டளையில், கெர்னல்கள் இருக்கும் 'பூட்' பகுதியைத் தனியாகப் பாருங்கள். பழைய நிறுவலில் அது சில நூறு எம்பிதான் இருக்கும். அகற்றாத பழைய கெர்னல்கள் அதை நிரப்பியிருக்கும். நிரம்பிய நிலையில் புது கெர்னல் பாதி எழுதி நின்றுவிட்டால், அடுத்த பூட்டில் அவ்வளவுதான். தேவையற்றதை நீக்கும் 'ஆட்டோரிமூவ்' கட்டளை கொடுத்து, ஓடும் கெர்னலையும் அதற்கு முந்தைய ஒன்றையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முழுவதையும் டிமக்ஸ் அல்லது ஸ்க்ரீன் என்ற கருவிக்குள் செய்யுங்கள். நெட் அறுந்தாலும் சர்வரில் வேலை நடந்துகொண்டே இருக்கும், திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளலாம். இது இல்லாமல் நடுவில் அறுந்தால் பேக்கேஜ்கள், அதாவது மென்பொருள் தொகுப்புகள், பாதி நிலையில் நிற்கும். 'டிபிகேஜி கன்ஃபிகர் ஏ' கொடுத்து மீட்க வேண்டிவரும்.

இருக்கும் பதிப்பின் அப்டேட்டுகளை முழுக்கப் போட்டு இன்னொரு ரீபூட். அப்புறம்தான் பதிப்பு மாற்றம். 18.04-லிருந்து நேராக 24.04-க்குத் தாவ முடியாது. 20.04, 22.04 என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இடையே ஒரு வாரம் விட்டு, பில் மென்பொருள் ஓடுகிறதா என்று பாருங்கள். உடைவது பெரும்பாலும் அங்கேதான்: 20.04-இல் பிஎச்பி நிரல்மொழியின் 7.4 பதிப்பு இருக்கும், 22.04-க்குப் போனதும் 8.1 ஆகிவிடும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளமும் 12-லிருந்து 14-க்கு மாறும். புதியது பழையதற்குப் பக்கத்தில் காலியாக வந்து உட்காரும், உங்கள் தரவு பழையதிலேயே இருக்கும், அதைத் தனியாக மாற்ற வேண்டும். மூன்று படி ஏற வேண்டிய கிளவுட் சர்வர் என்றால் இந்தப் பாடே வேண்டாம் என்பது என் கருத்து. புதிதாக ஒன்று எடுத்து, டம்பை அதில் ஏற்றி, சரிபார்த்து, முகவரியை மாற்றிவிடுங்கள். பழையதை ஒரு மாதம் அணைத்து வைத்திருங்கள்.

அமைப்புக் கோப்புகளைப் புதியதாக மாற்றவா என்று நடுவில் கேட்கும். எஸ்எஸ்எச் கோப்புக்கு 'இருப்பதையே வை' என்று சொல்லுங்கள். ஆனாலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. 22.04-இல் வரும் ஓப்பன் எஸ்எஸ்எச், ஷா-1 என்ற பழைய முறையில் ஆர்எஸ்ஏ வகைக் கீ போடும் கையொப்பத்தை ஏற்காது. (கீ என்பது பாஸ்வேர்டுக்குப் பதிலான திறவுகோல் கோப்பு.) உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்எச்-க்கான புட்டி மென்பொருள் பழையதாக இருந்தால் கீ சரியாக இருந்தும் உள்ளே விடாது. கீ கெட்டுவிட்டதோ என்று குழம்ப வேண்டாம். புட்டியைப் புதுப்பித்து, ஈடி 25519 வகையில் ஒரு கீயை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பு மாற்றக் கருவி எஸ்எஸ்எச் வழியாக ஓடும்போது 1022 என்ற போர்ட்டில் இன்னொரு கதவையும் திறந்து வைக்கும். ஃபயர்வாலிலும் ரவுட்டரிலும் அதற்கு வழிவிட்டால்தான் பயன்.

கடைசி ரீபூட்டுக்கு முன் ஒரு நல்ல ஏற்பாடு செய்யலாம். எந்தக் கெர்னலில் எழ வேண்டும் என்று தீர்மானிக்கும் கிரப்பில் பழைய கெர்னலையே இயல்பாக வைத்து, 'கிரப்-ரீபூட்' கட்டளையால் புதியதை ஒரே ஒரு முறைக்கு மட்டும் தேர்ந்தெடுங்கள். கெர்னல் வரியில் 'பேனிக் சமம் 30' என்று சேருங்கள். புது கெர்னல் பேனிக் ஆகி, அதாவது மேலே போக முடியாமல், விழுந்தால் 30 விநாடியில் இயந்திரம் தானே ரீபூட் ஆகிப் பழையதில் எழும். 'பூட்' அடைவு எல்விஎம்-மிலோ ரெய்டிலோ (பல டிஸ்குகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் முறைகள்) இருந்தால், அந்த ஒருமுறை முடிந்துவிட்டது என்று கிரப்பால் குறித்துக்கொள்ள முடியாது. அங்கே இதை நம்ப வேண்டாம்.

எல்லாம் முடிந்தபின் தானியங்கிப் பாதுகாப்பு அப்டேட்டை ஆன் செய்யுங்கள். தானே ரீபூட் செய்யும் அமைப்பை மட்டும் அணைத்தே வையுங்கள். மாதம் ஒருமுறை உள்ளே போய், 'வார் ரன்' அடைவில் 'ரீபூட்-ரிக்வயர்டு' என்ற கோப்பு வந்திருக்கிறதா பாருங்கள். வந்திருந்தால் கணக்கர் அண்ணனுக்குப் போன் போட்டு, அவர் அலுவலகத்தில் இருக்கும் நேரம் கேட்டு ரீபூட் செய்யுங்கள்.

நன்றி, வணக்கம்.