சராசரி 10 நிமிடம் என்று ஒட்டியிருக்கிறார்கள், நம்பலாமா?

[திரையில்: கசங்கிய டோக்கன் சீட்டு ஒன்று. எண் 47, நேரம் 11:08]

இது ஒரு வங்கிக் கிளையின் டோக்கன். மெஷின் சீட்டைத் துப்பிய நேரம் 11:08. கவுன்டருக்கு மேலே சிவப்பு விளக்கில் 47 எரிந்தது 11:22-க்கு. 14 நிமிடம். எதிர்ச் சுவரிலோ "சராசரி காத்திருப்பு நேரம் 10 நிமிடம்" என்று ஒட்டியிருக்கிறார்கள்.

பொய்யா? ஒரு சீட்டை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போக முடியாது. சராசரி 10 என்றால் ஒருவருக்கு 4 ஆகும், இன்னொருவருக்கு 19 ஆகும். சரி, 16 சீட்டு எடுத்துப் பார்த்தோம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 11.8 நிமிடம், திட்ட விலக்கம், அதாவது சீட்டுக்குச் சீட்டு நேரம் எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு, 4 நிமிடம்.

11.8 என்பது 10-ஐ விட அதிகம்தானே, இதில் சோதிக்க என்ன இருக்கிறது? இருக்கிறது. வேறு 16 பேரை எடுத்திருந்தால் 9.6 வந்திருக்கலாம். அதனால் முதலில் சுவரில் உள்ளதை உண்மை என்றே ஏற்றுக்கொள்கிறோம். இதுதான் இன்மை எடுகோள்: சராசரி 10. நம் சந்தேகம் மாற்று எடுகோள்: சராசரி 10-ஐ விட அதிகம். அப்புறம் ஒரே கேள்வி. உண்மையிலேயே 10 தான் என்றால், 16 பேரில் 11.8 வருவது எவ்வளவு அபூர்வம்?

[திரையில்: 4 ÷ √16 = 1]

திட்ட விலக்கத்தை 16-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 1 நிமிடம். இது திட்டப் பிழை. 16 பேரின் சராசரி வழக்கமாக எவ்வளவு ஆடும் என்பதன் அளவு. நமக்கு வந்தது 10-இலிருந்து 1.8 தள்ளி. 1.8-ஐ 1-ஆல் வகுத்தால் டி மதிப்பு 1.8.

இந்த டி-க்குப் பின்னால் ஒரு பீர் ஆலை இருக்கிறது. டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட்டுக்கு, பார்லியையும் பீரையும் நாலைந்து மாதிரிகளை வைத்தே மதிப்பிட வேண்டிய கட்டாயம். அவ்வளவு சின்ன மாதிரிக்கு அன்றைய சூத்திரங்கள் சரிவரவில்லை. அதற்கான வழியை 1908-இல் வெளியிட்டார். சொந்தப் பெயரில் எழுத ஆலை அனுமதிக்காததால் போட்டுக்கொண்ட பெயர் 'ஸ்டூடன்ட்'. இன்றும் அது ஸ்டூடன்ட் டி சோதனைதான்.

டி அட்டவணையில் 16-க்கு ஒன்று குறைத்து 15-ஆவது வரிசையைப் பாருங்கள். 5 சதவீத அளவில், அதாவது உண்மையில் 10 ஆகவே இருந்தும் தவறாக நிராகரிக்க 5 சதவீத வாய்ப்பை ஏற்றுக்கொண்டால், ஒருமுனைச் சோதனைக்கு எல்லை 1.753. நம் 1.8 அதைத் தாண்டிவிட்டது. சுவரில் உள்ளதை நிராகரிக்கலாம்.

கொஞ்சம் பொறுங்கள். பக்கத்து நெடுவரிசையில், அதே 5 சதவீதத்துக்கு இருமுனைச் சோதனையின் எல்லை 2.131. அதை நம் 1.8 தாண்டவில்லை!

அதே 16 சீட்டு, அதே கணக்கு, இரண்டு தீர்ப்பு. கூடுதலா என்று மட்டும் கேட்டால் ஒருமுனை. கூடுதலோ குறைவோ, 10 இல்லையா என்று கேட்டால் இருமுனை. எதைக் கேட்கப் போகிறோம் என்பதைச் சீட்டு சேகரிக்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். டி மதிப்பைப் பார்த்த பிறகு தோதான நெடுவரிசையைத் தேடுவது, பரீட்சை எழுதி முடித்த பிறகு கேள்வியைத் திருத்துகிற வேலை. இதைச் செய்கிறவர்கள் கணக்கில் தப்பு செய்வதில்லை, அதுதான் கண்டுபிடிக்கச் சிரமம்.

இன்னொன்று. ஒருமுனையில் பி மதிப்பு சுமார் 0.046. "வங்கி சொல்வது உண்மையாக இருக்க 4.6 சதவீதம்தான் வாய்ப்பு" என்று இதைப் படிக்காதீர்கள். சராசரி 10 ஆகவே இருந்தாலும், இப்படி 100 முறை 16 சீட்டு எடுத்தால் ஏறக்குறைய 5 முறை இவ்வளவோ இதைவிடவோ கூடுதலாக வரும். அவ்வளவுதான் அதன் அர்த்தம்.

[திரையில்: வரிசை. முன்னால் ஒருவர் சில்லறை மூட்டையோடு]

சீட்டு எடுக்கும் விதத்துக்கு வருவோம். அடுத்தடுத்த 16 டோக்கன்களை எடுத்தால் சோதனையே கெட்டது. சில்லறை மூட்டையோடு வந்த ஒருவர், பின்னால் நிற்கும் ஆறு பேரின் நேரத்தையும் சேர்த்து இழுத்துவிடுவார். அது ஆறு தனித்தனித் தகவல் அல்ல, ஒரே மூட்டையின் கதை. அதனால் நாளையும் நேரத்தையும் மாற்றி மாற்றி, குலுக்கிப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பொறுமை இழந்து சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனவர்களையும் கவனியுங்கள். அவர்களை விட்டால் நீண்ட காத்திருப்புகள் கணக்கிலிருந்து நழுவி, சராசரி இருப்பதைவிட நல்லதாகத் தெரியும்.

36 சீட்டு இருந்து, அதே 11.8-உம் அதே 4-உம் வந்திருந்தால்? திட்டப் பிழை 0.67, டி 2.7. 5 சதவீதத்துக்கான இரண்டு நெடுவரிசையிலும் எல்லையைத் தாண்டிவிடும். அதற்காக, கையில் உள்ள 16-உடன் இன்னும் 20 சேர்த்துப் பார்ப்போமே என்று கிளம்பாதீர்கள். அதுவும் விடையைப் பார்த்துவிட்டு ஆடும் ஆட்டம்தான். பழைய சீட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக 36 எடுங்கள்.