சலவைக்குப் பிறகும் தங்குமா?

(திருப்பூரில் துணி பதனிடுதல் படிக்கும் மாணவர்களிடம் பேசியது)

வணக்கம். மழைக்காலத்தில் சரியாகக் காயாத பனியனை மோந்து பார்த்திருப்பீர்கள். வியர்வை நாற்றம் என்கிறோம். ஆனால் புதிதாகச் சுரக்கும் வியர்வைக்குப் பெரிதாக வாடை கிடையாது. அதைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் கிளப்பும் வாடை அது. பருத்தி அவற்றுக்கு வசதியான வீடு. காய்ந்த பருத்தி 100 கிராம், சும்மா காற்றிலிருந்தே ஏழெட்டு கிராம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இழுப்பவை பருத்தி இழையின் மூலப்பொருளான செல்லுலோஸில் வரிசையாக நிற்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள், அதாவது ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணைகள். அவற்றை நினைவில் வையுங்கள். கிருமியைத் தடுக்கத் துணியில் ஏற்றும் மருந்தைக் கட்டிவைக்கவும் நமக்கு அவைதான் கொக்கி.

கிருமியைக் கொல்வது பெரிய காரியமில்லை. துணியை மருந்தில் முக்கி எடுத்தால் முதல் நாள் சோதனையில் தேறிவிடும். இருபது சலவைக்கு அப்புறம்? 2008இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிருமியைக் கொல்லும் வெள்ளித் துகள் ஏற்றிய காலுறைகளைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சிலவற்றில் சில அலசல்களிலேயே ஏறக்குறைய எல்லா வெள்ளியும் வெளியேறிவிட்டது. போன மருந்து சாக்கடைக்குத்தானே போகும்? சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதைப் பார்த்த ஊர் இது. நொய்யல் ஆற்றுக்கு இன்னொரு சுமையை நாம் அனுப்பக் கூடாது.

ஒட்டிக்கொண்டே வேலை செய்யும் மருந்து உண்டு. குவாட்டர்னரி அம்மோனியம் சிலேன். அதன் ஒரு முனையில் சிலிக்கான். அது ஹைட்ராக்சிலைப் பிடித்துக்கொள்ளும், பக்கத்து மூலக்கூறுகளோடும் கை கோத்து வலைபோல் படியும். மறுமுனையில் நேர்மின் சுமையும் 18 கார்பன் நீளமுள்ள வாலும். பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது. இழுபட்டு வந்து ஒட்டும்போது அந்த வால் அதன் சவ்வைக் குலைத்துவிடும். மருந்து இடத்தைவிட்டு நகர்வதில்லை.

இதோ இரண்டு துண்டு பனியன் துணி. ஒன்றில் மட்டும் இந்த மருந்து ஏற்றியிருக்கிறது. இரண்டையும் புரோமோபீனால் நீலம் என்ற சாயத்தில் முக்குகிறேன். குழாயில் அலசுகிறேன். மருந்தில்லாதது வெளுத்துவிட்டது, மருந்துள்ளது நீலமாகவே நிற்கிறது, பாருங்கள். சாயம் எதிர்மின், மருந்து நேர்மின், விடாது. ஆய்வகமே இல்லாத பட்டறையிலும் இதைச் செய்யலாம். ஆனால் மருந்து இருக்கிறது என்று மட்டும்தான் நீலம் சொல்லும். கிருமி சாகிறதா என்பதை, துணியில் கிருமியை விட்டு 24 மணி நேரம் வைத்து, எஞ்சியதை எண்ணித்தான் அறிய வேண்டும்.

பிடிப்பு கெடுவது பெரும்பாலும் நம் கையால்தான். கோராத் துணியின், அதாவது வெளுக்காத துணியின், மெழுகைச் சரியாக எடுக்காவிட்டால் கொக்கிகள் மூடியே கிடக்கும். பிளீச்சிங் காரம் மிஞ்சினாலும் கெடும். அவசரத்தில் ஸ்டென்டரை, அதாவது துணியை விரித்துச் சூட்டில் காயவைக்கும் இயந்திரத்தை, வேகமாக ஓட்டினால் துணி காயும், பிணைப்பு உறுதிப்படாது. வீட்டிலும் ஒன்று: பெரும்பாலான சோப்பும் டிடர்ஜெண்டும் எதிர்மின் வகை. நன்றாக அலசாவிட்டால் மருந்தின் மேலேயே படிந்து அதை முடக்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. 1990களில் கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தில் காங் சன் குழுவினர் பருத்தியில் ஹைடன்டாயின் என்ற, நைட்ரஜன் உள்ள மூலக்கூறு வளையத்தைப் பிணைத்தார்கள். பிளீச் கலந்த நீரில் அலசினால் அதன் நைட்ரஜன் குளோரினைப் பிடித்துக்கொள்ளும். கிருமி வந்தால் அந்தக் குளோரின் அதைத் தாக்கித் தீரும். மறுபடி பிளீச்சில் அலசினால் துணி மறுபடி தயார்! சாயத் துணிக்குக் குளோரின் ஆகாது. ஆனால் எப்படியும் பிளீச் போட்டு வெளுக்கும் ஆஸ்பத்திரி வெள்ளை விரிப்புக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, இந்த நீலத் துண்டை யார் வேண்டுமானாலும் மேடைக்கு வந்து அலசலாம். வாளியில் தண்ணீர் இருக்கிறது.