பெற்றவளுக்கும் தாகம் எடுக்கும்

(குடியாத்தத்துக்கு அருகே ஓர் ஊரில் நடந்த சமுதாய வளைகாப்பில், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பேசியது)

கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களே, துணைக்கு வந்திருக்கும் அம்மாமார்களே, மாமியார்களே, பின்வரிசை ஆயாக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இது மாசி மாதம். உங்கள் அட்டைகளைப் புரட்டிப் பார்த்தேன். பலருக்குச் சித்திரையிலும் வைகாசியிலும் நாள் குறித்திருக்கிறது. அந்த மாதங்களில் வேலூர் வெயில் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரும்புச்சத்து மாத்திரை, கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் பிக்மி எண், உதவித்தொகை எல்லாம் உங்கள் ஊர்ச் செவிலியர் சொல்லிவிடுவார். நான் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நீரில்லா ஆறு என்று பாலாற்றை வைத்து நம் ஊரைக் கேலி பேசுவார்கள். பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையைப் பார்த்தாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது, சரி. வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது மட்டும் மாறவே இல்லை. ஜன்னலைச் சாத்தி, காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி கட்டி அவளை உட்கார வைப்பார்கள். காலையில் அரை டம்ளர் வெந்நீர், சாயங்காலம் அரை டம்ளர். ஏன் என்றால், "பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும், ஜன்னி வந்துடும்." அதே அறையில் ஆயா துணியை நனைத்துப் பிள்ளையின் வாயில் சர்க்கரைத் தண்ணீர் பிழிவார், "புள்ளைக்கு நாக்கு வறளுது" என்று. குடிக்க வேண்டியவளுக்குக் கிடையாது, குடிக்கக் கூடாததற்குக் கொடுக்கிறோம்.

எனக்கே நடந்ததுதான். தலைப்பிள்ளை பிறந்தது கத்திரி வெயிலில். நான் பயிற்சி முடித்த நர்ஸ், ஆனாலும் அம்மாவின் முன்னால் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, கால் கழுவ வைத்திருந்த வாளியிலிருந்து மொண்டு குடித்தேன். காய்ச்சாத தண்ணீர். அந்த வெட்கம் இன்றைக்கும் இருக்கிறது.

இப்போது அந்த ஜன்னிக்கு வருவோம். பழைய காலத்தில் பெற்றவளுக்குக் காய்ச்சல் கண்டு பிதற்றினாலும் ஜன்னி, வலிப்பு வந்தாலும் ஜன்னி. சுத்தமில்லாத கை, கத்தி வழியாகக் கிருமி போனது ஒரு காரணம். ரத்தக்கொதிப்பு ஏறியது இன்னொன்று. தண்ணீர் குடித்ததால் எதுவும் வரவில்லை. உண்மையில் கதை நேர்மாறு. ரத்தப்போக்கில் தாய் போய்விடக் கூடாது என்று உடம்பே பிரசவ சமயத்தில் ரத்தத்தைச் சீக்கிரம் உறையும்படி வைத்திருக்கிறது. பிரசவமாகி ஆறு வாரம் வரை அந்தத் தன்மை இருக்கும். அப்போது நீர் வற்றினால், அசையாமலும் படுத்திருந்தால், ரத்தம் கட்டிப்போகும். காலில் கட்டினால் ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கும். மூளையிலிருந்து ரத்தத்தை வடிக்கும் குழாயில் கட்டினால் விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு, கை கால் விழுந்துபோவது. ஜன்னிக்குப் பயந்து தண்ணீரை நிறுத்துகிறோம். நிறுத்தியதாலேயே வருவதைப் பார்த்து, "அப்பவே சொன்னேனே, ஜன்னி" என்கிறோம். இந்த அடையாளம் எது தெரிந்தாலும் கஷாயம் வைக்க அடுப்படிக்குப் போகாதீர்கள், 108க்குப் போன் போடுங்கள்.

பிள்ளைக்கு வருகிறேன். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். கத்திரி வெயிலிலும் ஆறு மாதம் வரை வேறு தண்ணீர் வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் ஒரு வேளைக்கு ஒரு ஸ்பூன் வந்தாலே அந்தச் சின்ன வயிற்றுக்குப் போதும். அதில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினால் வயிறு ரொம்பிவிடும், பிள்ளை சப்பாது. சப்பாவிட்டால் பால் ஊறாது. அப்புறம் "இவளுக்குப் பாலே இல்லை" என்று பட்டம் வேறு. வெறும் தண்ணீர் அதிகமானால் ரத்தத்தில் உப்பு குறைந்து பிள்ளைக்கு வலிப்பு வரும். கழுதைப்பால், தேன், வசம்பு எதுவும் வேண்டாம்.

பால் போதுமா என்பதைப் பிள்ளையின் அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. துணி காயும் கொடியைப் பாருங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு பகல் ஒரு இரவில் ஆறு துணியாவது நனைய வேண்டும். நாலைந்து நாள் ஆன பிறகும் துணியில் செங்கல்பொடி நிறத்தில் கறை தெரிந்தாலோ, பிள்ளை எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ, உடனே ஆஸ்பத்திரி. வெயில் காலத்தில் கம்பளி, குல்லா, அதன் மேல் ஒரு துண்டு என்று சுற்றாதீர்கள். ஃபேன் ஓடலாம், காற்று நேராகப் பிள்ளை மேல் விழாமல் பார்த்துக்கொண்டால் சரி. துணியைத் தளர்த்திய பிறகும் உடம்பு சுட்டால் அது காய்ச்சல். ஒரு மாதப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பின்வரிசையில் ஓர் ஆயா கை தூக்குகிறார். பச்சைத் தண்ணீரா, வெந்நீரா என்கிறார். காய்ச்சி ஆற வைத்தது போதும் ஆயா. சீரகம் போட ஆசையாக இருந்தால் போடுங்கள். அவள் பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரு சொம்பு கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். காலியாகிவிட்டதா என்று நீங்களே பார்த்து ரொப்பி வையுங்கள், அவள் வாய்விட்டுக் கேட்க மாட்டாள்.